எளியோர் கைவில்

‘சிலை’ என்னும் தமிழ்ச்சொல் வில்லையும் குறிக்கும். வில் செய்தற்கு உதவிய ஒருவகை மரத்தையும் குறிக்கும். வகுப்பில் இச்சொல்லுக்குப் பொருள் கூறி, ஆகுபெயர் என்று சொல்லிக் கடந்துவிடுவது நம் வழக்கம். பழைய நோர்ஸ் மொழியிலும் இதே நிலைதான்: யூ மரத்தின் பெயரே வில்லுக்கும் பெயராயிற்று. வில்லின் குணம் என்பது மரத்தின் குணமே என்பதை இரு மொழியினரும் உணர்ந்திருந்தனர். ஆனால் எந்த மரம் எவர் கைக்குக் கிட்டியது, என்ன விலையில் கிட்டியது என்பதை அகராதி சொல்வதில்லை. அதனைச் சட்ட ஏடுகளிலும் கணக்கேடுகளிலுமே தேட வேண்டியிருக்கிறது. அவ்வகையில் ஆவணங்கள் மிகுந்திருப்பது இங்கிலாந்தின் நெடுவில்லுக்கு.

கிரெஸி (1346), புவாத்தியே (1356), அஜின்கோர்ட் (1415) ஆகிய போர்க்களங்களில் ஆங்கில வில்லாளிகள் பெற்ற வெற்றி உலகறிந்தது. அவ்வெற்றியோடு சேர்த்துப் பேசப்படுவது யூ மரம். அதன் சிறப்புக்குக் காரணம் உண்டு. வில்லை வளைக்கும்போது அதன் வெளிமுதுகு இழுபடும். நாணை நோக்கிய உட்புறம் அமுக்கப்படும். யூ மரத்தில் பட்டையை ஒட்டிய வெளிறு இழுவிசையைத் தாங்கும். உள்ளிருக்கும் வைரம் அமுக்கத்தைத் தாங்கும். இரண்டும் சேரும் இடத்தில் கழியைப் பிளந்தெடுத்தால், இயற்கையே இருவகை மரத்தை ஒட்டிக் கொடுத்ததுபோல் ஆகிவிடுகிறது.

போர்க்களத்திற்கு வருமுன் அந்த வில்லாளி ஊரில் எதைக்கொண்டு பழகினான் என்பதே நம் வினா. 1285ஆம் ஆண்டின் வின்செஸ்டர் சட்டம் எளிய குடிகளும் வில்லும் அம்பும் வைத்திருக்க வேண்டும் என்றது. அரச வனங்களுக்குள் வாழ்ந்தோர்க்கு அம்பின் வகையைக்கூட அது வேறாக வகுத்தது. மன்னனின் மான்கள் மீதிருந்த அக்கறை அத்தகையது. 1363இல் மூன்றாம் எட்வர்ட், விழா நாள்களில் ஆடவர் பந்தாட்டங்களை விடுத்து வில் பழக வேண்டும் என்று ஆணையிட்டான். 1390இல் வந்த சட்டமோ, ஆண்டுக்கு 40 ஷில்லிங் நிலவருவாய் இல்லாத பொதுக்குடிகள் வேட்டைநாய் வளர்ப்பதையும், மானும் முயலும் பிடிக்க வலை முதலியவற்றைக் கையாள்வதையும் தடுத்தது. வில் வைத்திருத்தல் கடமை. அதைக்கொண்டு அடுப்புக்கு இறைச்சி தேடுதல் பெரும்பாலோர்க்குக் குற்றம். இவ்விரண்டுக்கும் இடையில்தான் ஏழை உழவனின் வில்வாழ்க்கை நடந்தது.

கடமையை விதித்த அரசு கருவியைக் கொடுக்கவில்லை. அவரவரே வாங்க வேண்டும். உள்நாட்டு யூ மரம் பெரும்பாலும் கணு மிகுந்தது. குளிர்மலைகளில் மெல்ல வளர்ந்த நெருங்கிய இழைமரமே சிறந்ததெனக் கருதப்பட்டமையால், ஸ்பெயினிலிருந்தும் ஆல்ப்ஸ் மலைப்பகுதிகளிலிருந்தும் கழிகள் இறக்குமதியாயின. தட்டுப்பாடு முற்றியபோது, சரக்குக் கொண்டுவரும் வணிகர் ஒவ்வொரு டன் சரக்குக்கும் 4 விற்கழிகள் கொண்டுவர வேண்டும் என 1472இல் சட்டம் வந்தது. 1484இல் மால்ம்ஸி மதுப்பீப்பாய் ஒன்றுக்கு 10 கழிகள் என விதித்தனர். இடையே 1482இல், யூ வில்லின் விலை 3 ஷில்லிங் 4 பென்ஸுக்கு மேற்படக் கூடாது என உச்சவரம்பு கட்டப்பட்டது. அதாவது 40 பென்ஸ். அக்காலக் கூலியாளின் நாட்கூலி ஏறத்தாழ 4 பென்ஸ். வரம்பு கட்டிய பின்னரும் ஒரு வில்லுக்குப் பத்துநாள் உழைப்பு வேண்டியிருந்தது.

எனவே எளியோர் வேறு மரங்களை நாடினர்: எல்ம், ஆஷ், ஹேசல். இவற்றை இழிந்தவை என்று ஒதுக்கிவிட இயலாது. 1188இல் வேல்ஸ் நாட்டில் பயணம் செய்த ஜெரால்ட் என்னும் திருச்சபைக் குரு, குவெண்ட் பகுதியினரின் விற்கள் காட்டு எல்ம் மரத்தால் ஆனவை, மெருகற்றவை, பார்வைக்கு அழகற்றவை என்கிறார். அத்தகைய விற்களிலிருந்து சென்ற அம்புகள் ஓக் மரக்கதவைத் துளைத்த செய்தியையும் அவரே பதிவு செய்கிறார். எல்ம் மரத்தின் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை, எளிதில் பிளவா. வண்டிச் சக்கரத்தின் குடத்திற்கு அம்மரத்தைத் தேர்ந்தமைக்கும் அதுவே காரணம். குறை, அது நாளடைவில் நாணின் பக்கமாகவே வளைந்து நின்றுவிடும், வீச்சு குறையும். ஆனால் நாள்தோறும் பழகுவதற்கு அது போதும்.

இதனை அரசும் அறிந்திருந்தது. எட்டாம் ஹென்றியின் காலத்துச் சட்டங்கள், யூ வில் செய்யும் வில்வினைஞர் அதனோடு மலிவான மரங்களிலும் விற்கள் செய்தாக வேண்டும் என்றன. 1542ஆம் ஆண்டுச் சட்டம் 7 வயது முதலே சிறுவர்க்கு வில் வேண்டும் என்றது. அதே சட்டம், செல்வக்குடியில் பிறவாத 17 வயதுக்குட்பட்டோர் யூ வில் எய்வதைத் தடை செய்தது. வளரும் பிள்ளைக்கு ஆண்டுதோறும் வில் மாற வேண்டும். அதில் அரிய மரத்தை வீணாக்கலாகாது என்னும் கணக்கு அது. ஆக, ஆங்கில வில்லாளியின் தோளை உருவாக்கியது பெரும்பாலும் எல்மும் ஆஷுமே.

1545இல் கேம்பிரிட்ஜில் கிரேக்கம் கற்பித்த ரோஜர் ஆஷம் ‘டாக்ஸோஃபிலஸ்’ என்னும் உரையாடல் நூலை வெளியிட்டார். இலத்தீனில் எழுதினால் பெருமை என்றிருந்த நாளில் தாய்மொழியில் எழுதினார். வில் தேர்வு பற்றி அவர் கூறுவன இன்றும் பொருந்தும்: கழி நேராக இருக்க வேண்டும், முறுக்கும் கணுவும் வெடிப்பும் ஆகா, வாங்கியதும் வயலில் எய்து பார்த்து, பின் வினைஞனிடம் கொடுத்துச் செப்பம் செய்க, மெழுகு தோய்ந்த துணியால் நாளும் தேய்த்துவருக, அளவுக்கு மீறி இழுத்தலும் கெட்ட நாணும் வில்லை ஒடிக்கும். விலைக்கு அஞ்சி மட்டமானதை வாங்குவது நட்டம் என்பதும் அவர் துணிபு. எல்மையும் ஆஷையும் அவர் மதிக்கவில்லை. பத்துநாள் கூலியை ஒரு வில்லுக்குத் தர இயலாதவன் அவருடைய வாசகன் அல்லன்.

அதே 1545இல், ஜூலை 19 அன்று, ‘மேரி ரோஸ்’ என்னும் போர்க்கப்பல் போர்ட்ஸ்மத் அருகே மூழ்கியது. 1982இல் அதன் உடல் மேலே கொண்டுவரப்பட்டது. அகழ்வில் கிடைத்த முழு விற்கள் 137. சராசரி நீளம் 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அனைத்தும் யூ. நெடுவில்லைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி இவ்விற்களால் அறிந்ததே. அவை அரசு கொள்முதல் செய்து போருக்கென அடுக்கி வைத்தவை. ஊர்த்திடல்களில் ஞாயிறுதோறும் வளைந்த எல்ம் விற்களை எவரும் பெட்டியிலிட்டுக் காக்கவில்லை. ஒடிந்தவை அடுப்புக்குப் போயின. எஞ்சியதைக்கொண்டு எழுதும் வரலாறு, எஞ்சாததை மறந்துவிடுகிறது.

1595இல் ஊர்ப்படைகளில் வில்லாளிகளுக்கு மாற்றாகத் துப்பாக்கி ஏந்துவோரே வேண்டும் என ஆணை பிறந்தது. துப்பாக்கியைச் சில வாரங்களில் பழகலாம். வில்லுக்கோ இளமை முழுவதும் வேண்டும். அந்த இளமையைக் கொடுத்தவன் ஏழைச் சிறுவன். அவன் கையிலிருந்தது அருங்காட்சியகத்தில் இடம்பெறாத அந்த மலிவான கழி.