புல்லுருவி அன்று: சமவெளி ஆர்க்கிட் ஒன்றின் வரலாறு

ஆர்க்கிட் என்றதும் மலைவாசத்தலங்களின் மலர்க் கண்காட்சிகளே நம் நினைவுக்கு வருகின்றன. குளிர்நாட்டுச் செல்வர் வீட்டுச் செடி அது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஆனால் இன்று உலகெங்கும் வீடுகளில் வளர்க்கப்படும் 'வாண்டா' என்னும் பேரினத்துக்கு அறிவியல் முன்மாதிரியாகக் கொண்ட இனம், நம் சமவெளி மாமரக் கிளைகளில் தானே வளரும் ஒன்று என்பதை எத்தனை பேர் அறிவோம்?

1776இல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் ராக்ஸ்பரோ, சோழமண்டலக் கரையின் தாவரங்களை இந்திய ஓவியர்களைக் கொண்டு வரையச் செய்தார். அவற்றுள் முந்நூறு ஓவியங்கள் மூன்று தொகுதிகளாக இலண்டனில் அச்சாயின. 1795இல் வெளிவரத் தொடங்கிய முதல் தொகுதியிலேயே இந்த ஆர்க்கிட் இடம்பெற்றுவிட்டது. இதழ்களில் பழுப்புநிறக் கட்டங்கள் இருந்தமையால் 'டெஸ்ஸலேட்டா' என்று அவர் பெயரிட்டார். வாண்டா என்ற பெயரோ வடமொழியிலிருந்து வந்தது. வில்லியம் ஜோன்ஸ் குறித்துவைத்த அச்சொல்லை, 1820இல் ராபர்ட் பிரவுன் பேரினத்தின் பெயராக நிலைநிறுத்தினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வடமொழியில் 'வந்தா' என்பது மரத்தின்மேல் வளரும் ஒட்டுண்ணியையும் குறிக்கும் சொல். நம் தோட்டக்காரர்களும் புல்லுருவி என்றெண்ணி இச்செடியை வெட்டி எறிவதுண்டு. உண்மையில் இது மரத்திடம் தங்க இடம் மட்டுமே கேட்கிறது, உணவு கேட்பதில்லை. மழைநீரையும் காற்றின் ஈரத்தையும் கிளையிடுக்கில் சேரும் மக்கையும் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்கிறது. இத்தகையவற்றைத் தொற்றுத் தாவரங்கள் என்கிறோம்.

ஐரோப்பியர் செய்த பிழை வேறு வகையானது. வெப்பமண்டலம் என்றால் ஓயாத வெம்மையும் புழுக்கமும் என்று அவர்கள் கருதினர். காற்றுப் புகாத கண்ணாடி வீடுகளுக்குள் கணப்பு மூட்டி, ஆவி பரப்பி, ஆர்க்கிட்டுகளை அடைத்துவைத்தனர். கப்பல் பயணத்தில் பிழைத்தவையும் அங்கே அழுகி மடிந்தன. 1830களில் சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டத்தின் தலைவராக இருந்த ஜோசப் பாக்ஸ்டன் வெம்மையைக் குறைத்தார். காற்றோட்டத்துக்கு வழி செய்தார். செடிகள் தழைத்தன. ஆனால் அந்த வெற்றியே காடுகளுக்குக் கேடாயிற்று. பிழைக்கும் என்று தெரிந்தபின் வணிகர்கள் செடிகளை மரத்தோடு வெட்டிச் சாய்த்துச் சேகரிக்கலாயினர்.

விதையிலிருந்து வளர்க்கலாகாதா என்று கேட்கலாம். காஞ்சிபுரத்தை அடுத்த நம் திருப்புட்குழியில், மரகதவல்லித் தாயார் அருளால் வறுத்த பயறும் முளைக்கும் என்பது அடியார் நம்பிக்கை. ஆர்க்கிட் விதையும் கிட்டத்தட்ட அத்தகைய அருளை வேண்டி நிற்பதே! தூசி போன்ற அவ்விதைக்குள் சேமித்த உணவு ஏறக்குறைய இல்லை. இயற்கையில் ஒரு பூஞ்சை உள்ளே புகுந்து ஊட்டினாலன்றி அது முளைக்காது. இந்த உறவைப் பிரெஞ்சு அறிஞர் நோயல் பெர்னார் 1899இல் கண்டறிந்தார். அமெரிக்கரான லூயிஸ் நட்சன், பூஞ்சை இல்லாமலே சர்க்கரை கலந்த ஊடகத்தில் விதைகளை முளைக்கச் செய்து 1922இல் அறிவித்தார். 1960இல் ஜார்ஜ் மோரல் வெளியிட்ட நுனித்திசு வளர்ப்பு முறை வந்தபின், செல்வர் வீட்டுச் செடி எளியவர் சாளரத்துக்கும் வந்து சேர்ந்தது.

இவ்வரலாற்றில் நம்மவர் பங்கு வெறும் சுமைகூலியன்று. சென்னையில் ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட தாவரப் படநூலில் 2101 படங்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பலவற்றை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் தென்னிந்திய ஓவியர்கள். வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே 'கோவிந்தூயா' என்று பெயர் சூட்டினார். பின்னாளில் வகைப்பாடு மாறியதால் அப்பெயர் வழக்கிழந்தது. கோவிந்துவின் பெயரும் நம் நினைவிலிருந்து அகன்றது என்பதுதான் வருத்தத்துக்குரியது.

வாண்டாவை வீட்டில் வளர்க்க விரும்புவோர்க்கு மேற்கண்ட வரலாறே வழிகாட்டும். மண்ணில் நட்டால் வேர் மூச்சுமுட்டி அழுகும். மரச்சட்டக் கூடையில் கரித்துண்டுகளும் ஓட்டுச் சில்லுகளும் இட்டுத் தொங்கவிடலாம். வேரைப் போர்த்தியிருக்கும் வெண்ணிறப் பஞ்சுப்படலம் நனைந்ததும் பசுமை காட்டும். அதுவே போதிய நீர் கிடைத்ததற்கு அடையாளம். காலையில் நீர் தெளித்தால் மாலைக்குள் உலர வேண்டும். காலை வெயில் நன்று. சித்திரையின் உச்சி வெயிலுக்கு நிழல்வலை வேண்டும். தேங்கிய நீரும் அடைத்த காற்றுமே இதன் பகை.

செடியை நாற்றுப்பண்ணையில் வாங்குவதே முறை. மரத்திலிருந்து பெயர்த்தெடுப்பது, வணிகர்கள் அன்று செய்ததையே நாம் சிறிய அளவில் செய்வதாகும். ஆர்க்கிட் குடும்பத்துக் காட்டுச் செடிகளின் பன்னாட்டு வணிகம் சைட்டஸ் உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் இவற்றுக்கென்றே தனித் தோட்டம் வைத்துப் பேணுகிறது.

ஆயினும் நம் தோப்புகளில் நிற்கும் செடிக்குக் காவல், அரிவாள் ஏந்துபவரின் கண் ஒன்றே. புல்லுருவியின் வேர் கிளையைத் துளைத்து உள்ளே புகும். அந்த இடம் பெரும்பாலும் புடைத்திருக்கும். ஆர்க்கிட்டின் தடித்த வெண்வேர் பட்டையின் மேலேயே பற்றிப் படரும். கிளையை வெட்டுமுன் இந்த ஒரு வேறுபாட்டைப் பார்த்துவிட்டால் போதும்.