எல்லை தாண்டி வரும் சரஸ்வதி

நான் அரிசி வியாபாரி. ஆரணி அரிசியை அதியன்னூரில் கொண்டு வந்து விற்றுப் பிழைக்கும் நயினார். படிச்சதெல்லாம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில்தான். பிழை இருந்தால் பொறுத்தருள்க.

ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன் நம் ஊர்ச் சாலை வழியாக ஒரு பவனி போகிறதே, அதைப் பற்றிச் சொல்கிறேன். பத்மநாபபுரம் தேவாரக்கட்டு சரஸ்வதி, குமாரகோவில் முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் புறப்பட்டு, முதல் இரவு குழித்துறையிலும் மறு இரவு நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயிலிலும் தங்கித் திருவனந்தபுரம் சேர்கிறார்கள். அந்தச் சரஸ்வதி கம்பர் வழிபட்ட மூர்த்தி என்பது மரபு. 1956 நவம்பர் 1-இல் பத்மநாபபுரமும் குழித்துறையும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மாநிலம் பிரிந்தும் பவனி நிற்கவில்லை. களியக்காவிளையில் இரு மாநிலத்தாரும் கூடி வரவேற்று அனுப்புகிறார்கள்.

திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் அம்மன் முன் ஒன்பது இரவும் முக்கியமாகப் பாடப்படுவது ஸ்வாதித் திருநாள் மகாராஜாவின் ஒன்பது கீர்த்தனைகள். முதல் நாள் சங்கராபரணம். பிறகு கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டைக்குறிஞ்சி. ஒன்பதாம் நாள் ஆரபி. எண்ணெய் விளக்கு வெளிச்சம், கைதட்டல் கிடையாது.

1813-இல் பிறந்து 1846-இல் மறைந்தவர் அவர். வாழ்ந்தது முப்பத்துமூன்று ஆண்டுதான். அதற்குள் சமஸ்கிருதம், மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்துஸ்தானி எனப் பல மொழிகளில் பாடி வைத்தார். "அப்போ நமக்கென்ன பங்கு?" என்று நம் பிள்ளைகள் கேட்கலாம். தஞ்சை நால்வரான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு அவர் சபையில் இருந்தவர்கள். வடிவேலுவுக்கு மகாராஜா தந்தத்தால் ஆன வயலினே பரிசளித்தார். பின்னாளில் அந்தக் கீர்த்தனைகளைத் தேடிச் செப்பம் செய்து மேடையேற்றியவர்கள் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும் செம்மங்குடி சீனிவாச ஐயரும். போதாதா?

இங்கே என் தவறு ஒன்றையும் எழுதியாக வேண்டும். என் மகள் சிறு வயதில் பாட்டு கற்றாள். "அந்த மண்டபத்தில் பெண்கள் பாட வழக்கமே இல்லை, உனக்கு எதுக்கும்மா இது?" என்று சொல்லி வகுப்பை நிறுத்திவிட்டேன். வழக்கம் என்றால் மாறாது என்று நினைத்த காலம் அது.

2006-இல் அந்த வழக்கம் மாறியது. மண்டபத்தில் முதன்முதலாகப் பாடிய பெண்மணி நம் பக்கத்து ஊர்க்காரர், 1924-இல் பிறந்த பாறசாலை பி. பொன்னம்மாள். திருவனந்தபுரம் இசைக் கல்லூரியில் படித்த முதல் மாணவி அவரே. முத்தையா பாகவதர், செம்மங்குடி, பாபநாசம் சிவன் ஆகியோரிடம் பாடம் கேட்டவர். எண்பதைத் தாண்டிய வயதில் அங்கே அமர்ந்து பாடினார். 2017-இல் பத்மஸ்ரீ பெற்றார், 2021-இல் மறைந்தார்.

செய்தித்தாளை மகளிடம் நீட்டினேன். படித்துவிட்டு, "நான் நிறுத்தியிருக்கக் கூடாதுப்பா" என்றாள். நிறுத்தியது நான். அவள் தன்மேல் போட்டுக்கொண்டாள். இப்போது பேத்தி பாட்டுக்குப் போகிறாள். கட்டணம் என் கல்லாவிலிருந்து.

ராஜா போனார், எல்லை மாறியது, ஒன்பது பாட்டு நிற்கிறது. அடுத்த பவனி வரும்போது பிள்ளைகளைக் கையைப் பிடித்துச் சாலைக்கு அழைத்து வாருங்கள். பெண் பிள்ளைகளை முன்னால் நிறுத்துங்கள்.