ரஷீத் மசூத்

ரஷீத் மசூத் (1947–2020): உத்தரப் பிரதேச அரசியல்வாதி. சகாரன்பூர் தொகுதியிலிருந்து ஐந்து முறை மக்களவைக்குத் தேர்வானவர். 2007 குடியரசுத் துணைத் தலைவர் தேர்தலில் மூன்றாவது அணி வேட்பாளராக நின்று 75 வாக்குகள் பெற்றார்.

வி. பி. சிங் அமைச்சரவையில் நலவாழ்வுத் துறை இணையமைச்சராக இருந்தபோது, மத்தியத் தொகுப்பிலிருந்து திரிபுராவுக்கு ஒதுக்கப்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்களைத் தகுதியற்றோருக்கு வழங்கியதாக வழக்கு. அந்த இடங்கள் சின்னஞ்சிறு மாநிலமொன்றின் மாணவர்களுக்கு உரியவை. குற்றத்தின் கனம் அதில்தான் இருக்கிறது. தீர்ப்பு வர இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 2013 அக்டோபர் 1 அன்று டெல்லி சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அப்போது அவர் காங்கிரஸ் மாநிலங்களவை உறுப்பினர்.

தண்டனை பெற்ற உறுப்பினர், முன்பெல்லாம் மேல்முறையீடு செய்தாலே பதவி தப்பிவிடும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8(4) பிரிவு தந்த அந்தக் கவசத்தை, லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 10 அன்று நீக்கியிருந்தது. அதை மீட்க மன்மோகன் சிங் அரசு கொண்டுவர முயன்ற அவசரச் சட்டமும், ராகுல் காந்தியின் வெளிப்படையான எதிர்ப்பால் கைவிடப்பட்டது; நல்லவேளை. அக்டோபர் 21 அன்று மசூத் பதவியிழந்தார். உச்ச நீதிமன்றத்தின் அத்தீர்ப்புக்குப் பின் பதவி பறிக்கப்பட்ட முதல் நாடாளுமன்ற உறுப்பினர் அவரே.