பழைய கார் தேர்வு

பழைய கார் என்பது ஏற்கெனவே ஒருவர் பெயரில் பதிவாகி ஓடி, மறுவிற்பனைக்கு வந்த கார். தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் மூன்று வழிகளில் கைமாறுகிறது: உரிமையாளரிடமிருந்து நேராக, கன்சல்டிங் எனப்படும் விற்பனைக் கடைகள் வழியாக, கார் கம்பெனிகளே நடத்தும் பழைய கார் கிளைகள் வழியாக. மூன்றாம் வகையில் மூத்தவற்றுள் ஒன்று மாருதியின் ட்ரூ வேல்யூ, 2001இல் தொடங்கியது. பழைய வாகன வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. கடையில் அந்தச் சான்றைக் காட்டச் சொல்வதில் தயக்கம் வேண்டாம்.

விலை

பேரம் பேச ஓர் அளவுகோல் காப்பீட்டுத் துறையிடம் இருக்கிறது. சேதக் காப்பீட்டுக்காகக் காரின் மதிப்பைக் கணிக்கும் பழைய அட்டவணை, இரண்டாம் ஆண்டில் 20 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 30, நான்காம் ஆண்டில் 40, ஐந்தாம் ஆண்டில் 50 என்று கழித்துக்கொண்டே போகும். ஐந்து வயதைத் தாண்டிய வண்டிக்குக் காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வார்கள். சந்தை விலை இதை அப்படியே பின்பற்றுவதில்லை. ஆல்ட்டோ, வேகன்ஆர், ஸ்விஃப்ட் போன்றவை இதைவிடக் கூடுதலாகவே விலைபோகும். பெரிய சொகுசு கார்கள் மளமளவென்று இறங்கும். வயது ஏறிய சொகுசு கார் சில நேரம் புது ஆல்ட்டோவின் விலைக்குக் கிடைப்பது இதனால்தான். ஆனால் அதன் உதிரிபாகங்களின் விலை வயதோடு இறங்குவதில்லை. மலிவாக வாங்க நினைப்பவர் அந்தப் பக்கமே போகாமலிருப்பது நல்லது.

கையிலிருக்கும் பணம் முழுவதையும் காருக்கே கொடுத்துவிடக் கூடாது. டயர், பேட்டரி, ஆயில் மாற்றம், காப்பீடு, பெயர் மாற்றம் என்று முதல் மூன்று மாதங்களில் செலவு வந்தே தீரும்.

கடையை மூடிய கம்பெனிகளின் கார்களும் மலிவாகக் கிடைக்கும். செவ்ரலே 2017 இறுதியில் இந்திய விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்தது. உதிரிபாகமும் சர்வீஸும் தொடரும் என்றும் சொன்னது. மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு கார்களைச் சென்னைப் பக்கத்து மெக்கானிக்குகள் பலர் நன்கு அறிவார்கள். வாங்குபவர் ஊரில் அப்படியொரு கை இருந்தால் அந்த விலைக் குறைவு லாபம்; இல்லாவிட்டால் தலைவலி.

டீசலா பெட்ரோலா என்பதற்கு, அன்றாடம் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதே விடை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி சேர்ந்தது. கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் காரில் அது அடைத்துக்கொள்ளும். பெட்ரோல் காரிலும் கவனிக்க ஒன்று உண்டு: 2023 ஏப்ரலுக்கு முந்தைய கார்களில் பெரும்பாலானவை 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டவை. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பதோ 20 சதவீதக் கலவை. ஆகவே எரிபொருள் போகும் ரப்பர் குழாய்களைப் பார்த்துவிட வேண்டும்.

மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா

மேனுவல் கியரின் பலம் அதன் எளிமை. தேய்வது பெரும்பாலும் கிளட்ச். அதை எந்த ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் மாற்றிவிடலாம், சிறிய கார்களில் சில ஆயிரங்களில் வேலை முடியும். கிளட்ச் தேய்ந்ததைக் கண்டுபிடிப்பதும் சுலபம். சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாவது கியரில் போட்டு, கிளட்சை மெல்ல விட வேண்டும். இன்ஜின் திணறி நின்றால் கிளட்ச் பிடிக்கிறது. நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. ஓட்டும்போது இரண்டாவது கியருக்கு இறக்கிப் பார்க்க வேண்டும். கரகரவென்று சத்தம் வந்தால் கியர்பாக்ஸைத் திறக்கும் நாள் தூரத்தில் இல்லை.

ஆட்டோமேட்டிக் என்பது ஒரே பெயரில் விற்கப்படும் நான்கு வெவ்வேறு இயந்திரங்கள். இது தெரியாமல் வாங்குவோரே அதிகம் ஏமாறுகிறார்கள்.

மலிவு விலைக் கார்களில் அதிகம் தென்படுவது ஏ.எம்.டி. 2014 பிப்ரவரியில் மாருதி செலேரியோவில் வந்து பரவலானது. உள்ளே இருப்பது அதே மேனுவல் கியர்பாக்ஸும் அதே கிளட்சும்தான்; கிளட்சை மிதித்துக் கியரைத் தள்ளும் வேலையை மட்டும் ஒரு கருவி செய்கிறது. எனவே கிளட்ச் தேய்மானம் இதிலும் உண்டு. கிளட்ச் பெடல் இல்லாததால் காலுக்கு அது தெரியாது. நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்ந்த வண்டி என்றால் கிளட்ச் விரைவில் போகும். கருவி பழுதானால் செலவு இன்னும் கூடும்.

டார்க் கன்வர்ட்டர் பழைய முறை. ஆயிலின் விசையால் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கிறது. கொஞ்சம் பெட்ரோல் கூடக் குடிக்கும், ஆனால் நெடுநாள் உழைக்கும். பத்து வயதான ஆட்டோமேட்டிக் வாங்கியே தீர வேண்டுமென்றால் முதலில் தேட வேண்டியது இதைத்தான். நான்கு கியர் ஐ10 ஓர் உதாரணம். ஹோண்டா சிட்டி போன்றவற்றில் வரும் சி.வி.டி.யில் கியர்களே கிடையாது. இரண்டு கப்பிகளுக்கிடையே பெல்ட் ஓடுகிறது. அதற்குரிய ஆயிலைக் காலத்தில் மாற்றியிருந்தால் சுகமான வண்டி. நான்காவது வகை இரட்டை கிளட்ச் கொண்ட டி.சி.டி. ஓட்டுவதற்கு இதுதான் அருமை. ஆனால் இதன் உலர் கிளட்ச் வகை நகர நெரிசலில் சூடேறும். கட்டுப்பாட்டுப் பகுதியை மாற்ற நேர்ந்தால் செலவு லட்சத்தைத் தொடலாம். நிறுவன உத்தரவாதம் முடிந்த டி.சி.டி. காரை, மூன்று நான்கு லட்சத்தில் கார் தேடுபவர் தொடவே வேண்டாம்.

சோதனைக்கு முன் பானட்டைத் தொட்டுப் பார்த்து இன்ஜின் ஆறியிருப்பதை உறுதி செய்ய வேண்டும். சூடேற்றி வைத்திருந்தால் பல குறைகள் மறைந்துவிடும். லீவரை ‘டி’க்கும் ‘ஆர்’க்கும் மாற்றும்போது வண்டி ஓரிரு நொடி யோசித்துவிட்டு ‘டக்’கென்று இடித்தால் சந்தேகப்படலாம். மேம்பாலச் சரிவில் நிறுத்தி எடுப்பது, நெரிசலில் அரை மணி நேரம் ஓட்டுவது இரண்டும் அவசியம். கடையைச் சுற்றி ஒரு ரவுண்டு போவதில் எதுவும் தெரியாது.

கண்ணால் காண்பது

மீட்டரைக் குறைத்துக் காட்டுவது இத்தொழிலின் பழைய வித்தை. 40,000 கிலோமீட்டர் என்று காட்டும் காரில் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டரை நம்ப வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத் தயாரிப்பு. காரின் வயதும் டயரின் வயதும் சர்வீஸ் பதிவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கலாம். ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் தயாரிப்பு முத்திரை உண்டு. ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தப் பக்கம் அடிபட்டதா என்று கேட்க வேண்டும். பானட் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம், காந்தம் ஒட்டாத பட்டி பூசிய தகடு ஆகியவையும் விபத்தைச் சொல்லும். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருவதை மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். அந்த வண்டிக்கு இன்ஜின் வேலை காத்திருக்கிறது.

சென்னை 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் மூழ்கியது. வெள்ளத்தில் நின்ற கார்கள் சுத்தம் செய்யப்பட்டு வெளியூர்களுக்கும் விற்பனைக்குப் போவதுண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை தெரியும். சீட்டுக்கு அடியிலுள்ள தண்டவாளத்தில் துரு, மிதியடிக்குக் கீழே ஈர நெடி இவையும் சாட்சி. அப்படிப்பட்ட வண்டி எந்த விலைக்கும் வேண்டாம். வயரிங் கோளாறு வருடக்கணக்கில் தொடரும்.

காகிதங்கள்

ஆர்.சி.யில் டி போர்டிலிருந்து ஓன் போர்டுக்கு மாற்றிய குறிப்பு இருந்தால், அது டாக்ஸியாக ஓடியது என்று பொருள். வங்கிக் கடன் பதிவாகியிருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35ம் தேவை. பெயர் மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30. டெல்லியில் 10 வயதான டீசலுக்கும் 15 வயதான பெட்ரோலுக்கும் தடை வந்தபின் அங்கிருந்து மலிவு வண்டிகள் தெற்கே வந்தன. அவற்றுக்கு அவ்வூரின் தடையில்லாச் சான்றும் தமிழ்நாட்டுச் சாலை வரியும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன் பிறகான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ.600இலிருந்து ரூ.5,000 ஆனது. விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் காருடன் வராது. காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற வாங்கியவர் 14 நாளில் விண்ணப்பிக்க வேண்டும்.

பெயர் மாற்றாமல் விட்டால் விற்றவரும் மாட்டிக்கொள்வார். விபத்து நடந்தால், கார் கைமாறியிருந்தாலும், பதிவேட்டில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே இரு தரப்பும் சேர்ந்தே ஆர்.டி.ஓ. விண்ணப்பத்தை முடிப்பது நல்லது. வாங்குபவர் ஆர்.சி.யில் தம் பெயர் ஏறும்வரை விலையில் ஒரு பகுதியைக் கையில் நிறுத்திவைக்க வேண்டும். இதற்கு ஒப்பாத விற்பனையாளரிடம் பேரத்தைக் கைவிட்டு அடுத்த காரைப் பார்க்கலாம்.