பள்ளிக்கூடத்தில் மன்னிப்பு

தமிழ்நாட்டுக் குழந்தை மன்னிப்பை முதலில் கையால் பழகுகிறது. வாய்ச்சொல் பிறகுதான் வருகிறது. புத்தகத்தில் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். சாமி முன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளையார் என்றால் தலையில் குட்டிக்கொண்டு தோப்புக்கரணமும் போட வேண்டும். எதற்காக என்று விளங்கும் வயதுக்கு முன்பே இவை கைக்கு வந்துவிடுகின்றன.

கோயிலில் வழிபாடாக இருந்த தோப்புக்கரணம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் தண்டனை. 19-ஆம் நூற்றாண்டில் ஊர்தோறும் நடந்த அந்தப் பள்ளிகளில் குட்டும் பிரம்படியும் அன்றாட வழக்கம். எல்லாவற்றிலும் கொடியது கோதண்டம்: உத்தரத்தில் கட்டிய கயிற்றில் பையனைத் தொங்கவிடுவார்கள். மாணவர் தலைவனான சட்டாம்பிள்ளை புகார் சொல்வான், ஆசிரியரான அண்ணாவியார் தண்டிப்பார். அடி வாங்கிய பையன் யாருக்குத் தீங்கு செய்திருந்தாலும் கணக்குத் தீர்வது அண்ணாவியாரிடம்தான். அங்கே கற்பிக்கப்பட்டது பயம், வருத்தம் அல்ல.

சென்னையிலேயே இதற்கு மாறான ஒரு சோதனையும் நடந்தது. 1789-இல் எழும்பூரில் படைவீரர்களின் ஆண் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். மணலில் விரலால் எழுதிப் பழகிய உள்ளூர்ப் பிள்ளைகளைப் பார்த்து அந்த முறையைத் தம் பள்ளிக்குக் கொண்டுவந்தவர் அவர். மூத்த மாணவரைக் கொண்டு இளையவருக்குப் பாடம் சொல்லித்தரும் அவருடைய ஏற்பாடு ‘சென்னை முறை’ என்று இங்கிலாந்தில் பேர்பெற்றது. அவர் செய்த இன்னொரு காரியம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பிள்ளைகளின் தவறுகள் ஒரு கறுப்புப் புத்தகத்தில் பதிவாகும். வாரம் ஒருமுறை அதைத் திறந்து, மாணவர்களே நடுவர்களாக உட்கார்ந்து விசாரித்துத் தீர்ப்புச் சொல்வார்கள். தண்டனையைக் குறைக்கவோ முழுதாக மன்னிக்கவோ கண்காணிப்பாளருக்கு அதிகாரம் உண்டு. தவறு செய்தவன் தன் தோழர்களுக்கே பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பதுதான் இதில் புதுமை. 1796-இல் பெல் கப்பலேறினார். மறு ஆண்டு லண்டனில் வெளியிட்ட நூலில் இதையெல்லாம் விவரித்தார். உலகம் எடுத்துக்கொண்டது பாடமுறையை. நடுவர் குழு அந்த அளவுக்குப் பரவவில்லை.

பின்னாளைய பள்ளிகளில் பிரம்போடு காகிதமும் சேர்ந்தது. ஒரே வரியை நூறு முறை எழுதவைக்கும் இம்போசிஷன் ஒன்று. ‘இனி இவ்வாறு செய்யமாட்டேன்’ என்று முடித்துப் பெற்றோர் கையெழுத்தும் வாங்கிவர வேண்டிய மன்னிப்புக் கடிதம் மற்றொன்று. கடிதத்தின் வாசகம் பெரும்பாலும் ஆசிரியருடையது. பிள்ளைக்குச் சொந்தமானது கையெழுத்து மட்டுமே.

இதற்கிடையே பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு முறையை வைத்திருந்தார்கள். சண்டை வந்தால் காய், சமாதானமானால் பழம். விரல் சைகை ஊருக்கு ஊர் மாறும். ஆனால் ஒருவர் மட்டும் பழம் விட்டால் போதாது, எதிராளியும் விட வேண்டும். பெரியவர் யாரும் நடுவில் தேவையில்லை. ஸ்விட்சர்லாந்தில் கோலியாடும் சிறுவர்களைக் கவனித்த உளவியலாளர் ழான் பியாஜே, நியாய உணர்வு பெரியவர் கட்டளையைவிடச் சம வயதினரோடு பழகுவதில்தான் வளர்கிறது என்று 1932-இல் எழுதினார். காய்–பழம் விளையாட்டைக் கண்டிருந்தால் அதையும் சான்றாக எடுத்துக்கொண்டிருப்பார்.

தமிழ்நாடு கல்வி விதிகளின் 51-ஆம் விதி 2003-இல் திருத்தப்பட்டு, பள்ளியில் அடிப்பது தடைசெய்யப்பட்டது. 2010-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, மனத்துன்புறுத்தலையும் சேர்த்து நாடு முழுவதும் தடுத்தது. மன்னிப்புக் கடிதம் மட்டும் நின்றுவிடவில்லை. அடிபட்டது பக்கத்து இருக்கைப் பிள்ளையாக இருந்தாலும், அது பெரும்பாலும் தலைமையாசிரியர் பெயருக்கே எழுதப்படுகிறது.