வாணிகக் கல்லூரியின் வாயில்



நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய நாட்களில், தேர்வு முடிவு வெளிவந்ததும் மதிப்பெண் பட்டியலுடன் என்னைத் தேடி வரும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "ஐயா, எனக்கு இடம் கிடைக்குமா?" இன்று சிறந்த மேலாண்மைக் கல்லூரிகளை நாடும் இளைஞர்களும் அதையே கேட்கின்றனர். விடை காண வேண்டுமாயின், அக்கல்லூரிகளின் வாயில் காலந்தோறும் யாருக்கு, எவ்வாறு திறந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

அமெரிக்காவில் உலோகத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய ஜோசப் வார்ட்டன் என்பவரின் கொடையால், 1881-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஒரு வாணிகப் பள்ளி தோன்றிற்று. 1908-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகமும், பட்டம் பெற்றோர்க்கென ஒரு வாணிகப் பள்ளியைத் தொடங்கியது. அதன் முதலாண்டு மாணவர் தொகை நூறைக்கூட எட்டவில்லை. இன்றுள்ளது போன்ற பொது நுழைவுத் தேர்வு அன்று இல்லை.

இரண்டாம் உலகப் போர் இந்நிலையை மாற்றியது. போரிலிருந்து திரும்பும் வீரர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்க 1944-இல் சட்டம் பிறந்தது. கல்லூரிகளில் மாணவர் கூட்டம் பெருகிற்று. வெவ்வேறிடங்களில் பயின்றோரை எந்த அளவுகோலால் ஒப்பிடுவது? 1953-இல் ஒன்பது வாணிகப் பள்ளிகள் கூடி இதனை ஆராய்ந்தன. அதன் பயனாக 1954-இல் பொதுத் தேர்வு முதன்முறையாக நடைபெற்றது. 1976 முதல் 'ஜிமேட்' என வழங்குவது அத்தேர்வே.

அத்தேர்வு எதற்காக எழுந்தது? ஒருவர் முதலாண்டுப் பாடங்களை எவ்வளவு நன்கு கற்பார் என முன்கூட்டி மதிப்பிடுவதற்காகவே எழுந்தது. அவர் வாழ்வில் வெல்வாரா என்று கூறுவது அதன் வேலையன்று. ஹார்வர்டு வாணிகப் பள்ளியே 1980-களின் நடுவில் அத்தேர்வைக் கைவிட்டு, ஏறக்குறையப் பத்தாண்டுகள் அதுவின்றியே மாணவரைத் தேர்ந்தெடுத்தது. பின்னர் மீண்டும் ஏற்றுக்கொண்டது.

மற்றொன்றையும் கருதுக. அப்பள்ளியின் ஈராண்டு எம்.பி.ஏ. வகுப்பில், முதலாண்டிலேயே பெண்கள் சேர்க்கப்பட்டது 1963-இல்தான். அவ்வாண்டு நுழைந்தோர் எண்மர். அதற்கு முன் வாயில் மூடியிருந்ததற்குக் காரணம் பெண்களின் அறிவுக் குறைவோ? அன்று, விதியின் குறைவே. இடம் கிடையாமை வேறு, தகுதியின்மை வேறு என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

நம் நாட்டில் 1961-இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் நிறுவப்பட்டன. அகமதாபாத்துக்கு ஹார்வர்டு துணைநின்றது. 2011-இல் திருச்சிராப்பள்ளியும் அத்தகைய கழகம் ஒன்றைப் பெற்றது. இவற்றில் சேர விரும்புவோர் எழுதும் 'கேட்' தேர்வில், மதிப்பெண்ணோடு 'பெர்சென்டைல்' என்னும் தரநிலையும் தரப்படுகிறது. 99 என்பது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது மதிப்பெண் அன்று. எழுதியோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேரைவிட முன்னிற்பதாகும். 3 லட்சம் பேர் எழுதினால், அந்நிலையில் இருப்பவருக்கு முன்னால் ஏறத்தாழ 3,000 பேர் நிற்பர். ஒரு கழகத்தின் இடங்களோ சில நூறே. எனவே 99 பெற்றவரும் இறுமாத்தல் ஆகாது; சற்றுக் குறைந்தவரும் மனம் உடைதல் ஆகாது. பள்ளி, கல்லூரி மதிப்பெண், பணி அனுபவம், நேர்முகத் தேர்வு ஆகியனவும் எண்ணப்படுகின்றன. அவற்றின் எடையும் கழகத்துக்குக் கழகம் மாறுகிறது.

ஆகவே மாணவர்களே, உங்கள் வாய்ப்பைக் கணிக்கையில் மூன்றை நோக்குங்கள்: இடங்கள் எத்தனை? முன்னிற்போர் எத்தனை பேர்? அக்கல்லூரி வேறு எவற்றை எண்ணிப் பார்க்கிறது? இவற்றை அறிந்தபின், ஒரு வாயிலை மட்டும் நம்பாது சிலவற்றைத் தட்டுங்கள். வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டுவதே எண்ணின் பணி. உங்கள் மதிப்பை அதனிடம் கேட்காதீர்கள்.