ஆளில்லாப் பருவத்து விருந்தாளிகள்

பணி ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் பெட்டி கட்டிக்கொண்டு உலகம் சுற்றக் கிளம்புவது புது வழக்கம். 17, 18ஆம் நூற்றாண்டுகளின் ஐரோப்பாவில் ஊர் பார்க்கப் போவது இளைஞர்களின் வேலையாக இருந்தது. பிரிட்டிஷ் பிரபுக் குடும்பத்துப் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் ஓர் ஆசிரியரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பாரிஸ், வெனிஸ், ரோம் என்று ஓரிரு ஆண்டுகள் சுற்றிவிட்டு வீடு திரும்புவார்கள். வயதானவர்கள் ஊரைவிட்டுக் கிளம்ப இரண்டு காரணங்களே இருந்தன: ஒன்று புண்ணியம், மற்றொன்று மூட்டுவலி. முதலாவதுக்கு எருசலேமும் காசியும், இரண்டாவதுக்கு வெந்நீர் ஊற்றுகள்.

இந்த நிலை மாறுவதற்கு ஓய்வூதியமும் வேகமான வாகனங்களும் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படும். இரண்டும் உண்மைதான். ஆனால் மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. பருவம் முடிந்ததும் காலியாகிவிடும் கப்பல் அறைகளையும் விடுதிகளையும் ரயில் இருக்கைகளையும் யாரைக் கொண்டு நிரப்புவது என்ற வியாபாரிகளின் கவலை அது. பள்ளி விடுமுறைக்கும் அலுவலக விடுப்புக்கும் கட்டுப்படாமல் எந்த மாதத்திலும் கிளம்பக்கூடியவர்கள் ஓய்வுபெற்றவர்கள் மட்டுமே. அவர்களுடைய பயண வரலாற்றில் பாதி, இந்தக் காலி இடங்களின் வரலாறு.

முதிய பயணிகள் கூட்டமாகக் கடல் கடந்ததும், அதைப் பார்த்து எழுத்தாளர் ஒருவர் சிரித்ததும் ஒரே கப்பலில் நடந்தன. 1867 ஜூனில் நியூயார்க்கிலிருந்து 'குவேக்கர் சிட்டி' என்ற நீராவிக் கப்பல் ஐரோப்பாவுக்கும் புனித பூமிக்கும் புறப்பட்டது. ஐந்து மாதப் பயணத்துக்குக் கட்டணம் 1,250 டாலர். பத்திரிகை ஒன்றின் செலவில் அதில் ஏறியவர் 31 வயது மார்க் ட்வைன். பயணிகளில் முக்கால்வாசிப் பேர் நாற்பதுக்கும் எழுபதுக்கும் இடைப்பட்டவர்கள் என்பது அவருக்குப் பெரிய ஏமாற்றம். ஆட்டமும் பாட்டமும் எதிர்பார்த்துப் போனவருக்கு மாலைதோறும் பிரார்த்தனைக் கூட்டம் வாய்த்தது. போன இடமெல்லாம் ஞாபகத்துக்கு என்று கல்லைப் பெயர்த்து எடுத்துவந்த அந்தப் பெரியவர்களை அவர் தம் கட்டுரைகளில் விடாமல் கிண்டல் செய்தார். அவருடைய கூட்டாளிகளும் சளைத்தவர்கள் இல்லை. எந்த ஊர் வழிகாட்டியாக இருந்தாலும் அவருக்கு ஃபெர்குசன் என்றே பெயர் வைத்தார்கள். கொலம்பஸின் சிலையையும் எகிப்திய மம்மியையும் காட்டி வழிகாட்டி உருகி உருகிப் பேசினால், முகத்தில் சலனமே இல்லாமல், ஆள் இறந்துவிட்டாரா என்று கேட்டார்கள். 1869இல் இந்தக் கட்டுரைகள் நூலாக வந்து அமோகமாக விற்றன. வயதான சுற்றுலாப் பயணி என்றாலே நகைச்சுவைப் பாத்திரம் என்ற எண்ணத்துக்கு அந்த நூலும் வழிவகுத்தது.

அதே 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. அமெரிக்காவின் இரு கரைகளையும் ரயில் பாதை இணைத்தது. 1841இல் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் மதுவிலக்கு அன்பர்களை ரயிலில் அழைத்துப்போன தாமஸ் குக், 1872 செப்டம்பரில் ஒரு சிறு குழுவுடன் உலகைச் சுற்றக் கிளம்பினார். அட்லாண்டிக்கைக் கடந்து, அமெரிக்காவை ரயிலில் தாண்டி, ஜப்பான், சீனா, சிங்கப்பூர், இலங்கை, இந்தியா, எகிப்து வழியாக 222 நாளில் பயணம் முடிந்தது. கிளம்பியபோது குக்குக்கு வயது 63. வழிநெடுக அவர் எழுதிய கடிதங்கள் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழில் வெளிவந்தன. இந்தப் பயணத்தில் அவருடைய மனைவி இல்லை. உலகம் சுற்றுவது தம்பதியராகச் செய்யக்கூடிய காரியம் என்ற நினைப்பு அன்று பரவலாக இல்லை.

அந்த நினைப்பு வலுப்பட உதவியது குளிர்காலம். ஹாம்பர்க்–அமெரிக்கா கப்பல் நிறுவனத்தின் ஆல்பர்ட் பாலினுக்கு ஒரு தொல்லை இருந்தது. 'அகஸ்டா விக்டோரியா' என்ற அவருடைய சொகுசுக் கப்பல் கோடையில் அட்லாண்டிக்கில் நிரம்பி வழியும்; பனிக்காலத்தில் ஏற ஆளிருக்காது. சும்மா நிறுத்திவைப்பதற்குப் பதில் வெயில் இருக்கும் பக்கம் அனுப்பினால் என்ன என்று பாலின் கேட்டபோது சக வியாபாரிகள் நகைத்தார்கள். 1891 ஜனவரியில் 241 பயணிகளுடன் கப்பல் மத்தியதரைக் கடலுக்குக் கிளம்பியது. பாலினும் மனைவியும் அதே கப்பலில் போனார்கள். முயற்சி பலித்தது, மறு ஆண்டுகளில் மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. 1922 நவம்பரில் கியூனார்ட் நிறுவனத்தின் 'லக்கோனியா' நியூயார்க்கிலிருந்து கிளம்பி நான்கு மாதங்களுக்கு மேல் உலகைச் சுற்றிவந்தது. இன்றும் உலகச் சுற்றுக் கப்பல்கள் பெரும்பாலும் ஜனவரியில்தான் புறப்படுகின்றன. நான்கு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போக ஓய்வுபெற்றவர்களால்தான் முடியும் என்பதால் அவற்றின் பயணிகளும் பெரும்பாலும் அவர்களே.

ஆனால் லக்கோனியாவில் போனவர்கள் பணக்காரர்கள். சாதாரண ஊழியருக்கு முதுமைக் கால வருமானம் என்ற ஒன்றே அண்மைக்காலத்தில் வந்தது. ஜெர்மனி 1889இல் முதியோர் காப்பீட்டுச் சட்டம் இயற்றி, 70 வயதானவர்களுக்குப் பணம் தர ஏற்பாடு செய்தது. பிரிட்டனில் 1909 ஜனவரி 1 முதல் 70 வயதைத் தாண்டிய ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை கிடைத்தது. அமெரிக்காவில் 1940 ஜனவரியில் ஐடா மே ஃபுல்லர் என்பவர் பெற்ற முதல் மாத ஓய்வூதியம் 22 டாலர் 54 செண்ட். கப்பல் ஏற இந்தத் தொகைகள் போதாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஓய்வூதியம் கூடியது, ஆயுளும் நீண்டது. ஓய்வுக்கும் இறப்புக்கும் இடையே பத்து, இருபது ஆண்டுகள் என்ற புதிய பருவம் ஒன்று உண்டானது.

அந்தப் பருவத்தை முதலில் கண்டுகொண்டவர்களில் ஒருவர் சிட்னி டி ஹான். இங்கிலாந்தின் தென்கரையில் ஃபோக்ஸ்டோன் ஊரில் அவர் ஒரு சிறு விடுதி நடத்தினார். கோடை முடிந்ததும் குழந்தைகளோடு வந்த குடும்பங்கள் போய்விடும், அறைகள் காலி. 1950களின் தொடக்கத்தில் அவர் வடக்கே தொழில் நகரங்களுக்குப் போய், ஓய்வுபெற்றவர்களுக்குப் பேருந்துப் பயணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே விலை சொன்னார். கடற்கரையில் குளிர்காற்று வீசும் மாதத்தில் முதியவர்கள் வருவார்களா என்று சந்தேகப்பட்டவர்கள் பலர். அவர்கள் வந்தார்கள். கூட்டமில்லாத கடற்கரையும், கத்தும் பிள்ளைகள் இல்லாத உணவறையும் அவர்களுக்கு நிறைவாகவே இருந்தன. அதிலிருந்து வளர்ந்த 'சாகா' நிறுவனம் பின்னர் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் ஆள் அனுப்பியது. 1997இல் 'சாகா ரோஸ்' என்ற சொந்தக் கப்பலையும் ஓட்டத் தொடங்கியது.

அட்லாண்டிக்கின் மறுகரையில் காலியாகக் கிடந்தவை கல்லூரி விடுதிகள். மார்ட்டி நோல்டன் ஐரோப்பாவில் முதுகுப்பையுடன் நடந்து திரிந்தவர். அங்கே இளைஞர் விடுதிகளையும் ஸ்காண்டிநேவிய நாடுகளின் மக்கள் பள்ளிகளையும் பார்த்து வந்தார். நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டேவிட் பியாங்கோவுடன் சேர்ந்து அவர் 1975 கோடையில் 'எல்டர்ஹாஸ்டல்' திட்டத்தைத் தொடங்கினார். ஐந்து கல்லூரிகளில் 220 முதியவர்கள் சேர்ந்தார்கள். தேர்வு இல்லை, வீட்டுப்பாடம் இல்லை. பேரன் வயது மாணவர்கள் காலிசெய்த அறையில் ஒற்றைக் கட்டில், பொதுக் குளியலறை, தட்டேந்தி வரிசையில் நின்று வாங்கும் உணவு என்று வாழ்ந்தார்கள். சில ஆண்டுகளிலேயே அமெரிக்காவின் 50 மாநிலங்களுக்கும் பரவிய இத்திட்டம் வெளிநாடுகளுக்கும் போனது. இன்று அது 'ரோட் ஸ்காலர்' என்ற பெயரில் நடக்கிறது.

ஜப்பானில் காலி இடம் ரயிலில் இருந்தது. அந்நாட்டுத் தேசிய ரயில்வே 1981இல் 'ஃபுல் மூன்' என்ற தம்பதியர் சீட்டை அறிமுகப்படுத்தியது. தேனிலவு புதுமணத் தம்பதிக்கு என்றால், முழுநிலவு முதிய தம்பதிக்கு. விதி விசித்திரமானது: கணவன், மனைவி இருவரின் வயதையும் கூட்டினால் 88 அல்லது அதற்கு மேல் வர வேண்டும். ஐம்பது வயதுக் கணவனும் முப்பத்தெட்டு வயது மனைவியும் தேறிவிடுவார்கள். நாற்பத்து மூன்று வயதான இருவர் காத்திருக்க வேண்டும். சீட்டுக் கிடைத்துவிட்டால் குறிப்பிட்ட நாள்களுக்குள் உயர்வகுப்புப் பெட்டியில் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். புத்தாண்டு, மே மாதத் தொடக்க விடுமுறை, ஆகஸ்டில் வரும் ஓபோன் பண்டிகை போன்ற நெரிசல் காலங்களில் மட்டும் செல்லாது. பழைய திரை நட்சத்திரங்களான உயேஹாரா கெனும் தகமினே மியேகோவும் கணவன் மனைவியாக நடித்து, வெந்நீர் ஊற்றில் சேர்ந்து குளித்த விளம்பரம் நாடெங்கும் பேசப்பட்டது. நாற்பது ஆண்டு அலுவலகமே கதியென்று கிடந்து, ஓய்வு பெற்றதும் மனைவி போகும் இடமெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும் கணவர்களை 'நனைந்த சருகு' என்று ஜப்பானியர் கேலி பேசத் தொடங்கியதும் அந்தப் பத்தாண்டில்தான். சீட்டு 2022 வரை விற்பனையில் இருந்தது.

விடுதிகளைக் காப்பாற்ற அரசே இறங்கிய நாடு ஸ்பெயின். 1985இல் தொடங்கிய 'இம்செர்சோ' சுற்றுலாத் திட்டம், குளிர்காலத்தில் ஓய்வூதியர்களை மானிய விலையில் கடற்கரை ஊர்களுக்கு அனுப்புகிறது. விடுதிகள் மூடாமல் இருந்தால் ஊழியர்களுக்கு வேலை இருக்கும். வேலையின்மைப் படி கொடுக்க வேண்டிய பணம் அரசுக்கு மிச்சம். பெனிடோர்ம் நகரத்து விடுதிகளில் மாலை நேர நடனம் இத்தகைய பயணத்தின் முக்கிய அங்கம். அக்கார்டியன் கலைஞர் மரியா ஹெசூஸ் 1980களின் தொடக்கத்தில் அங்கே பிரபலமாக்கிய 'சிறு பறவைகள்' நடனத்துக்கு, ஆடுபவர்கள் கைகளைச் சிறகுபோல் மடக்கி அடித்துக்கொள்ள வேண்டும். வாழ்நாள் முழுக்கக் கண்டிப்பாக இருந்த தாத்தாக்களும் அங்கே கோழிபோலச் சிறகடித்தார்கள்.

விடுதியே வேண்டாம் என்று வீட்டை இழுத்துக்கொண்டு போனவர்கள் தனி வகை. அலுமினியத்தால் பளபளக்கும் 'ஏர்ஸ்ட்ரீம்' வண்டிவீடுகளைத் தயாரித்த வாலி பயாம், 1959இல் 41 வண்டிவீடுகளுடன் கேப் டவுனிலிருந்து கெய்ரோவுக்கு ஒரு படையே நடத்தினார். ஓய்வுபெற்ற அமெரிக்கத் தம்பதியர் பலர் அதில் இருந்தார்கள். சேற்றில் புதைந்தும் அச்சு முறிந்தும் நகர்ந்த அந்த ஊர்வலம், வழியில் எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசியைக் கண்டு, கடைசியில் பிரமிடுகளின் அருகே வட்டமிட்டு நின்றது.

இந்த வழக்கம் வேரூன்றிய மற்றொரு நாடு ஆஸ்திரேலியா. ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர் நீளத்தில் அந்தக் கண்டத்தையே சுற்றிவரும் ஒன்றாம் எண் நெடுஞ்சாலையில், குளிர்காலத்தில் வெப்பமான வடக்கை நோக்கிப் போகும் முதிய தம்பதியரை 'நரைத்த நாடோடிகள்' என்கிறார்கள். அவர்கள் வாழ்க்கையின் பெரிய சோதனை, வண்டிவீட்டைப் பின்னோக்கி நகர்த்தி இடத்தில் நிறுத்துவது. ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினால் பின்னால் கோத்திருக்கும் வீடு வலப்பக்கம் போகும். கணவர் ஓட்ட, மனைவி பின்னால் நின்று கையசைப்பார். அவர் நிற்கும் இடம் பெரும்பாலும் கண்ணாடியில் தெரியாத இடமாக இருக்கும். முதலில் கைச்சைகை, பிறகு கூச்சல், பிறகு மௌனம். ஏற்கெனவே முகாமிட்டவர்கள் நாற்காலி போட்டு இதை வேடிக்கை பார்ப்பது அங்கே மாலைப் பொழுதுபோக்கு. பிள்ளைகளுக்குப் போக வேண்டிய சொத்தைச் செலவழித்துக்கொண்டிருக்கிறோம் என்று வண்டியின் பின்புறம் ஒட்டிக்கொள்வதும் அவர்களிடையே பிரபலம். ட்வைன் காலத்தில் பிறர் சிரித்தார்கள். இங்கே அவர்களே தம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

இந்தியாவில் முதியோர் பயணம் நெடுங்காலம் தீர்த்த யாத்திரையை ஒட்டியே இருந்தது. ரயில்வே 60 வயது ஆண்களுக்கு 40 விழுக்காடும், 58 வயதுப் பெண்களுக்கு 50 விழுக்காடும் கட்டணச் சலுகை தந்தது. அச்சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. வெளிநாட்டுச் சுற்றுலா நடுத்தரக் குடும்பங்களை எட்டியபோது, சமையற்காரரையும் மசாலாவையும் உடன் கொண்டுபோகும் குழுப் பயணங்கள் வந்தன. சுவிட்சர்லாந்தின் பனிமலைக்குப் போனாலும் மதியம் சாதமும் பருப்பும் கிடைக்கும் என்ற உறுதி, தயங்கிய பல முதியவர்களை விமானம் ஏற்றியது.

ஓய்வூதியமே இல்லாமல் இதைச் செய்து காட்டியவர்கள் கொச்சியில் 'ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ்' என்ற சிறு கடை நடத்திய விஜயனும் மோகனாவும். தினமும் 300 ரூபாய் எடுத்துவைத்து, போதாததற்கு வங்கிக் கடன் வாங்கி, நாடு பார்த்துத் திரும்பி, தேநீர் விற்றுக் கடனை அடைத்து, மறு பயணத்துக்கு மறு கடன் வாங்குவது அவர்கள் வழி. 2007இல் இஸ்ரேல் பயணத்தில் தொடங்கி, எழுபதை ஒட்டிய வயதிலும் நிறுத்தாமல் 26 நாடுகளைப் பார்த்தார்கள். அவர்கள் கடைசியாகச் சேர்ந்து போனது 2021 அக்டோபரில் ரஷ்யாவுக்கு. மறு மாதம் விஜயன் காலமானார்.

2020இல் கொரோனாத் தொற்று பரவியபோது உலகச் சுற்றுக் கப்பல்கள் துறைமுகங்களில் நின்றன. ஸ்பெயினின் திட்டமும் தடைப்பட்டது. கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் இரண்டும் மீண்டும் தொடங்கின. விடுதிக்காரர்களுக்கும் கப்பல்காரர்களுக்கும் குளிர்காலத்துக் காலி அறைகள் இன்னும் இருக்கின்றன. ஜனவரி மாதத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பக்கூடியவர்களின் எண்ணிக்கை முன்பைவிடக் கூடியிருக்கிறது.